காஞ்சிபுரம், 1962: ஜெயித்தவரைப் பற்றி

1962 பிப்ரவரியில் நடந்த சட்டசபைத் தேர்தலில் காஞ்சிபுரம் தொகுதியின் முடிவு இது: எஸ்.வி. நடேச முதலியார், காங்கிரஸ், 46,018, சி.என். அண்ணாதுரை, தி.மு.க., 36,828. வித்தியாசம் 9,190. இந்தத் தேர்தலைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் இரண்டாவது பெயரைப் பற்றியவை. முதல் பெயருக்கு நம் சரித்திரத்தில் மிச்சமிருப்பது ஒரு அடைமொழிதான். அண்ணாதுரையைத் தோற்கடித்தது யார் என்று கேட்டால், பெயர் நினைவில்லாதவர்கள்கூட ‘யாரோ ஒரு பஸ் முதலாளி’ என்பார்கள். அதற்குமேல் கேட்க எதுவும் இருப்பதாக யாரும் நினைப்பதில்லை.

எனக்கு அந்த ‘யாரோ ஒரு’வில்தான் அக்கறை. நடேச முதலியாரின் வாழ்க்கை வரலாற்றை எழுதும் உத்தேசம் இல்லை. பஸ் முதலாளி என்பது எப்படிப்பட்ட ஸ்தானம், அங்கிருந்து ஒருவர் சட்டசபைக்கு நிற்பதன் அர்த்தம் என்ன, அவரிடம் ஒரு பெரிய பேச்சாளர் தோற்றதை நாம் ஏன் ஒரே விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பவை என் விஷயம்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தி.மு.க. முதன்முதலாகத் தேர்தலில் இறங்கியது 1957இல். பதினைந்து பேர் ஜெயித்தார்கள். காஞ்சிபுரத்தில் அண்ணாதுரை ஜெயித்தார். அடுத்த தேர்தலில் முதலமைச்சர் காமராஜ் அந்தப் பதினைந்து தொகுதிகளையும் குறிவைத்தார். அவருடைய முறை எளிமையானது. தொகுதியில் யாருக்குச் செல்வாக்கு, யாருக்குப் பணம், யார் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள் என்று பார்த்து அவரை நிறுத்துவது. காஞ்சிபுரத்தில் பஸ் முதலாளி. தஞ்சாவூருக்கு மாறி நின்ற கருணாநிதிக்கு எதிராக அவ்வூர்ச் செல்வந்தர் பரிசுத்த நாடார். பதினைந்து பேரில் கருணாநிதி மட்டும் தப்பினார். அதுவும் இரண்டாயிரத்துக்கும் குறைவான வாக்குகளில். ஆனால் கட்சியாகப் பார்த்தால் தி.மு.க. 15லிருந்து 50 இடங்களுக்கு வளர்ந்தது. ஏறக்குறைய 27 சதவீத ஓட்டு. 206 இடங்களில் காங்கிரஸ் 139. தலைவர் தோற்று, கட்சி வளர்ந்த தேர்தல். காஞ்சிபுரம் ஒரு காயமாக நினைவில் தங்கியதற்கு இந்த முரண்பாடும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இனி பஸ். தமிழ்நாட்டில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு சிற்றூர்க்காரன் அன்றாடம் நேருக்கு நேர் சந்தித்த யந்திரம் பஸ். ரயில் அவனைக் கேட்டுப் போடப்பட்டதல்ல. அது பிரிட்டிஷ்காரனின் நிர்ப்பந்தங்களுக்காக வந்தது. பஸ் அவன் ஊர்ச் சாவடி முன்னால் நின்றது. காஞ்சிபுரம் மாதிரி நெசவு ஊரில் இதன் அர்த்தம் இன்னும் கனமானது. நூலும் சேலையும் வியாபாரியும் கல்யாணத்துக்குப் பட்டெடுக்க வரும் குடும்பமும் பெரும்பாலும் சாலை வழியாகத்தான் ஊருக்குள் வரவேண்டும். பஸ் வைத்திருப்பவர் ஊருக்கும் வெளியுலகுக்கும் நடுவே நிற்கிறார். டிரைவர், கண்டக்டர், கிளீனர், ஷெட்டில் மெக்கானிக், டிக்கெட் செக்கர் என்று அவர் கையில் வேலைகள் இருக்கின்றன. எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பையனுக்குக் கண்டக்டர் வேலை கேட்டு ஒரு தகப்பன் போய் நிற்கும் வாசல் அவருடையது. அந்த வாசலில் கொள்கை விவாதம் நடக்காது.

ஆனால் இதே மனிதரை மறுபக்கத்திலிருந்து பாருங்கள். 1939ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி பஸ் ஓட்டப் பெர்மிட் வேண்டும். அதன் ஆயுள் மூன்று வருஷத்துக்குக் குறையாமல், ஐந்து வருஷத்துக்கு மிகாமல். பிறகு புதுப்பிக்க வேண்டும். அப்போது அதே ரூட்டுக்கு வேறொருவரும் மனுப்போடலாம். எந்த ரூட், எத்தனை டிரிப், என்ன கட்டணம் எல்லாம் வேறு யாரோ தீர்மானிப்பவை. சென்னை ராஜ்யம் 1948இல் இந்தச் சட்டத்தைத் திருத்தி, போக்குவரத்து அதிகாரிகளுக்கு அரசாங்கமே உத்தரவுகள் அனுப்பவும், அவர்கள் செய்த முடிவுகளைக் கூப்பிட்டுப் பார்த்து மாற்றவும் வழி செய்துகொண்டது. கும்பகோணம் ராமன் அண்டு ராமன் கம்பெனி இந்த அதிகாரத்தை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட்வரை போனது. 1959 தீர்ப்பில் தோற்றது. இதற்கெல்லாம் முன்பே, 1947–48இல், சென்னை நகர பஸ்கள் அரசுடைமையாகிவிட்டிருந்தன. நாளைக்கு உன் ரூட்டும் போகலாம் என்பது வெளியூர் முதலாளிகளுக்குத் தெரிந்த விஷயம். வண்டியும் முழுக்க அவருடையதல்ல. 1954இல் சென்னையில் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸ் போன்றவை லாரிக்கும் பஸ்ஸுக்கும் தவணைக்கடன் தருவதையே தொழிலாகக் கொண்டவை.

நான் வங்கிக் குமாஸ்தா. காலையில் கவுண்ட்டர் திறந்ததும் தனியார் பஸ் கம்பெனியின் கலெக்‌ஷன் பை வந்து மேஜைமேல் விழும் சத்தத்தை நன்றாக அறிவேன். சில்லறையும் வியர்வையில் ஊறிய நோட்டுகளுமாக எண்ணி முடிக்க அரைமணி ஆகும். மற்ற வியாபாரிகளின் பணத்துக்கு ஒரு பருவம் உண்டு. அறுவடை, தீபாவளி, கல்யாண மாதம் என்று. பஸ் பணம் தினப்பணம். ஊரில் எல்லோரிடமிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வந்த பணம். லெட்ஜரில் அதே கணக்குக்கு எதிர்ப்பக்கத்தில் கடன் நிற்கும். ரொக்கமாகப் பணக்காரன், ஆவணப்படி கடனாளி. இந்த இரட்டை நிலையைப் புரிந்துகொண்டால், ஒரு பஸ் முதலாளி ஆளுங்கட்சி டிக்கெட்டில் நிற்பதன் தர்க்கம் புரிந்துவிடும். அவர் சட்டசபையை விலைக்கு வாங்கப் போகிறவர் என்று வைத்துக்கொள்வது அவரைப் பெரிதாக்குவது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பெர்மிட்டுக்காக அரசாங்கத்தின் முன் கைகட்டி நிற்கிறவரை அதே அரசாங்கத்தின் கட்சி வந்து நில் என்று கேட்டால் ‘மாட்டேன்’ என்று சொல்லும் வசதி எவ்வளவு இருந்திருக்கும்? நடேச முதலியார் தயங்கினாரா, சந்தோஷமாக நின்றாரா என்பது வேறு. அந்த ஸ்தானத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். காமராஜின் காங்கிரஸ் பெரிய அளவில் இப்படிப்பட்டவர்களின் சங்கிலி. ஒவ்வொரு கண்ணியும் கீழே உள்ளவர்களுக்கு எஜமானன். மேலே உள்ளவர்களுக்கு மனுதாரன்.

அந்தச் சங்கிலி வழியாகத்தான் நல்லவையும் இறங்கின என்பதை மறைக்கக்கூடாது. 1956இல் தொடங்கிய மதிய உணவு, பள்ளிக்கூடம், மின்சாரம். 1962இல் காமராஜ் ஆட்சி மக்களுக்குப் பிடித்த ஆட்சி. ஈ.வெ.ரா. பெரியாரே அவருக்காக ஓட்டுக் கேட்டார். ஒரு வருஷம் முன்னால்தான் ஈ.வெ.கி. சம்பத் தி.மு.க.வை உடைத்துக்கொண்டு போயிருந்தார். காஞ்சிபுரத்தில் அண்ணாதுரை தோற்க இத்தனை காரணங்கள் இருந்தன. ஆனால் நினைவில் நிற்கிற காரணம் ஒன்றுதான்.

அந்தக் கதை தி.மு.க. மேடைகளில் தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வருவது. ஓட்டுக்கு ஐந்து ரூபாய் கொடுத்து, திருப்பதி வெங்கடாசலபதி படத்தின்மேல் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள் என்பது கதை. உண்மையா பொய்யா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. அதை ஒரு பிரதியாகப் படித்துப் பார்க்கிறேன். காஞ்சியில் தெய்வங்களுக்கா பஞ்சம்? ஏகாம்பரநாதரும் காமாட்சியும் வரதராஜரும் இருக்க, கதை திருப்பதிக்குப் போய் சாட்சியைக் கூட்டிவருகிறது. காரணம் எனக்கு, தொழில் தோஷத்தால், உடனே புரிந்தது. வெங்கடாசலபதி குபேரனிடம் கடன் வாங்கி இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிற தெய்வம். கடன் பத்திரத்துக்கு அவரைவிடப் பொருத்தமான சாட்சி ஏது? இரண்டாவது விஷயம் முக்கியமானது. ஐந்து ரூபாய் போதுமென்றால் சத்தியம் எதற்கு? பணம் வாங்கியவன் இஷ்டப்படி ஓட்டுப் போட்டுவிடுவான் என்ற பயம் கொடுத்தவனுக்கு இருந்தது என்பதைக் கதையே ஒப்புக்கொள்கிறது. அதாவது, வாங்கப்பட்டவன் என்று கதை யாரைச் சொல்கிறதோ, அவன் முழுதாக வாங்கப்பட முடியாதவன் என்பதும் அதே கதைக்குள் இருக்கிறது. தோற்ற தரப்பு இந்தப் பாதியைப் படிக்கவில்லை.

சட்டமும் இதை யோசித்துத்தான் இருக்கிறது. 1951ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், வேட்பாளர் வண்டி அமர்த்தி வாக்காளர்களை இலவசமாக வாக்குச்சாவடிக்கு ஏற்றிப்போவதை லஞ்சத்தோடு சேர்த்து ஊழல் நடவடிக்கைகளின் பட்டியலில் வைக்கிறது. வாக்காளன் தன் காசு கொடுத்துப் பொது பஸ்ஸில் போனால் குற்றமில்லை. வேட்பாளரே பஸ் முதலாளியாக இருக்கும் தொகுதியில் வாக்காளன் தன் காசில் டிக்கெட் வாங்கிக்கொண்டு அவர் வண்டியிலேயே அவருக்கு எதிராக ஓட்டுப் போடப் போகலாம். 36,828 பேரில் இப்படிப் போனவர்கள் இருந்திருப்பார்கள். அண்ணாதுரையின் கூட்டங்கள் இரவு வெகுநேரம் நீளக்கூடியவை. கேட்டுவிட்டு வெளியூர்க்காரர்கள் கடைசி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். பேச்சு ஒருவருடையது, திரும்பிப் போகும் வண்டி இன்னொருவருடையது.

இந்த இடத்தில் நம்மைப் பற்றி ஒரு வார்த்தை. சிறுபத்திரிகைக்காரர்களான நாம் தி.மு.க.வின் அடுக்குமொழியைக் கேலி செய்தே வளர்ந்தவர்கள். அண்ணாதுரையின் நாடகங்களில் கலை இல்லை, அவை பிரச்சாரம் என்று எத்தனை கட்டுரைகள்! ஆனால் காஞ்சிபுரம் தேர்தல் என்று வந்ததும் நாமும் அந்தக் கட்சிக்காரர்கள் கண்ணாலேயே பார்க்கிறோம். 1942இல் அதே ஊரிலிருந்து ‘திராவிட நாடு’ வாரப்பத்திரிகையை நடத்தத் தொடங்கியவர், எம்.ஏ. படித்தவர், ஒரு காலத்தில் அந்த நகராட்சியில் என்னைப் போல் குமாஸ்தாவாக இருந்தவர், ஒரு பஸ் முதலாளியிடம் தோற்பதா என்று நமக்கும் வலிக்கிறது. வார்த்தை ஜெயித்தாக வேண்டும் என்ற நம்பிக்கை நமக்கும் அவர்களுக்கும் பொது. வார்த்தை தோற்றால் அதைக் காசு தோற்கடித்தது என்று சொல்லி ஆறுதல் தேடுவதும் பொது. நடேச முதலியார் எழுதி வைத்தவர் இல்லை. எழுதியவர்கள் எல்லாம் எதிர்ப்பக்கம். ஆகவே அவர் ஒரு தொழிலின் பெயராகச் சுருங்கிப்போனார். அவருக்கு ஓட்டுப் போட்ட 46,018 பேரும் ஐந்து ரூபாயாகச் சுருங்கிப்போனார்கள். இரண்டாவது சுருக்கம்தான் என்னை உறுத்துகிறது. தறியில் உட்கார்ந்து காலம் கழித்தவன், தன் பையன் பள்ளிக்கூடத்தில் சாப்பிடுகிறான் என்று கண்டு ஓட்டுப் போட்டிருந்தால், அவனுக்கு இந்தச் சரித்திரத்தில் உட்கார இடமில்லை.

இதே நோய் மறுதரப்பிலும் உண்டு. 1967இல் விருதுநகரில் காமராஜ், பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். அப்போது காங்கிரஸ்காரர்கள், ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதியில் ஜனங்கள் மயங்கிவிட்டார்கள் என்றார்கள். ஐந்து ரூபாய்க்குப் பதில் மூன்று படி, அவ்வளவுதான் வித்தியாசம். ஜெயிக்கும்போது மகேசன், தோற்கும்போது கூலி. தமிழ் வாக்காளனுக்கு இரண்டு கட்சிகளும் கொடுத்த உருவங்கள் இவை. நம் நாவல்களும் அவனுக்கு மூன்றாவது உருவம் ஒன்றை அதிகம் தேடியதாகத் தெரியவில்லை.

தோல்வி அண்ணாதுரைக்கு என்ன செய்தது என்பது பலமுறை எழுதப்பட்டுவிட்டது. 1962இலேயே ராஜ்யசபைக்குப் போனார். அங்கே பிரிவினைக்காகப் பேசினார். 1963இல் பதினாறாவது அரசியல் சட்டத் திருத்தம் வந்து கட்சி அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. 1967 மார்ச்சில் முதலமைச்சர். 1969 பிப்ரவரியில் மரணம். அந்த மந்திரிசபையில் போக்குவரத்து கருணாநிதியின் பொறுப்பு. பஸ் ரூட்டுகளை அரசுடைமையாக்கும் வேலை அங்கே தொடங்கி, அவர் முதலமைச்சரான பிறகு வேகம் பிடித்தது. 1972இல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று ராஜவம்சங்களின் பெயரில் போக்குவரத்துக் கழகங்கள் வந்தன. 1962இல் பயன்பட்ட அந்தச் சங்கிலியின் முக்கியமான கண்ணிகள் பல இப்படிக் கழன்றன. இது பழிவாங்கல் என்று நான் சொல்லவில்லை. அரசுடைமைக்கு நியாயங்கள் இருந்தன. ஓடாத கிராமங்களுக்கெல்லாம் அதன்பிறகு பஸ் ஓடியது. ஆனால் கண்டக்டர் வேலைக்குத் தகப்பன் போய் நிற்கிற வாசல் இடம் மாறியது. இனி அது கட்சிக்காரர் வீட்டு வாசல்.

1973இல் சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு புதிய கழகம் ஆரம்பிக்கப்பட்டது. அதன் பெயர் அண்ணா போக்குவரத்துக் கழகம். பஸ் முதலாளியிடம் தோற்றவர் பெயரில் பஸ்கள் இருபத்து நான்கு வருஷம் ஓடின. 1997இல், ஒரு கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் வைத்ததையொட்டித் தென்மாவட்டங்களில் ஜாதிக் கலவரம் மூண்டபோது, கருணாநிதி அரசு எல்லாக் கழகங்களிலிருந்தும் பெயர்களை நீக்கியது. அதோடு அண்ணாவும் இறங்கினார். அரசு பஸ்களில் அரசுப் போக்குவரத்துக் கழகம் என்றுதான் எழுதியிருக்கிறது. தனியார் பஸ்களில் மட்டும் முன்கண்ணாடிக்கு மேல் முதலாளியின் குலதெய்வத்தின் பெயரோ பேத்தியின் பெயரோ இருக்கிறது.