காலிக் கட்டம்

திருவண்ணாமலைக்குப் போகிறவர்களுக்கு மலை ஒன்றுதான், பெயர்கள்தான் பல. அண்ணாமலை என்பார்கள், அருணாசலம் என்பார்கள், சோணகிரி என்பார்கள். 1767ஆம் வருஷம் செப்டம்பரில் ஹைதர் அலியோடும் நிஜாமோடும் இங்கே போரிட்ட கர்னல் ஜோசப் ஸ்மித்தின் காலத்து வெள்ளைக்காரர்கள் 'டிரினோமலி' என்று எழுதி வைத்தார்கள். எந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு பதினான்கு கிலோமீட்டர் சுற்றி வந்தாலும் மலை கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் கம்ப்யூட்டர் கோபித்துக்கொள்கிறது. இதை நான் தெரிந்துகொண்டதும் இந்த ஊரில்தான்.

என் நண்பர் ஒருவர் அங்கே சின்னதாக ஒரு விடுதி நடத்துகிறார். அவருடைய தகப்பனார் ஆரம்பித்தது. அறுபதுகளிலிருந்து வந்து தங்கியவர்களின் ரிஜிஸ்தர்கள் ஒரு மரப்பெட்டி நிறைய இருக்கின்றன. சென்னையில் புள்ளியியல் படிக்கும் அவருடைய பெண், விடுமுறைக்கு வந்தவள், எந்த வருஷம் எந்த நாட்டார் எத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்கெடுக்கத் தொடங்கியிருந்தாள்.

"சுலபமான வேலைதானே அம்மா?" என்றேன்.

"அப்படித்தான் நானும் நினைச்சேன் மாமா. இதைப் பாருங்க" என்று பட்டியலைக் காட்டினாள்.

ஒருவர் இங்கிலாந்து என்று எழுதியிருக்கிறார், இன்னொருவர் கிரேட் பிரிட்டன், மூன்றாமவர் யு. கே. ஒருவருக்கு ஜெர்மனி, அடுத்தவருக்கு மேற்கு ஜெர்மனி, அதற்கடுத்தவருக்கு டாய்ச்லாந்து. மனிதன் படித்தால் புரிந்துகொள்வான். யந்திரத்துக்கு எழுத்து மாறினால் ஆளே மாறிவிட்டது.

இந்தத் தொல்லைக்காகத்தான் 1974இல் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 'ஐ. எஸ். ஓ. 3166' என்ற பட்டியலை வெளியிட்டது. ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டெழுத்தில் ஒரு குறி, மூன்றெழுத்தில் ஒரு குறி, ஐக்கிய நாடுகளின் புள்ளியியல் பிரிவு கொடுத்த மூன்றிலக்க எண் ஒன்று. நம் நாடு ஐ. என்.; ஐ. என். டி.; 356. புள்ளிவிவரக்காரர்கள் பயன்படுத்தும் 'ஆர்' என்ற மென்பொருளில், நாட்டுப் பெயரைக் கொடுத்தால் குறியைத் தருகிற 'கன்ட்ரிகோட்' என்ற கருவியே இருக்கிறது. வின்சென்ட் அரெல்-புண்டாக் என்ற கனடா நாட்டு அறிஞர் செய்தது. பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடாமல், அதன் சாயலைப் பார்த்து அது அடையாளம் கண்டுகொள்ளும்.

சாயல் பார்ப்பதிலும் ஜாக்கிரதை வேண்டும். சோமாலியாவுக்குள்ளே மாலி ஒளிந்துகொண்டிருக்கிறது. தமிழில் எழுதிப் பார்த்தாலும் தெரியும். கினி என்று தேடினால் பப்புவா நியூ கினியும் கூடவே வந்து நிற்கும். குறிகளிலும் குழப்பம் உண்டு. ஐ. எஸ். ஓ. பட்டியலில் சி. எச். என்றால் ஸ்விட்சர்லாந்து, அமெரிக்க சர்க்கார் நெடுங்காலம் வைத்திருந்த வேறொரு பட்டியலில் அதே சி. எச். சீனா. எந்தப் பட்டியல் என்று கேட்காமல் கூட்டினால் ஆல்ப்ஸ் மலைவாசிகள் பெய்ஜிங்குக்குக் குடிபோய்விடுவார்கள்!

எல்லாவற்றிலும் வேடிக்கை நமீபியாவின் கதை. அதன் இரண்டெழுத்துக் குறி என். ஏ. 'ஆர்' மென்பொருளிலோ அந்த இரண்டு எழுத்துக்கும் 'தகவல் இல்லை' என்று பொருள். கோப்பிலிருந்து படிக்கும்போது நாம் முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால், நமீபியாக்காரர் அத்தனை பேரும் ஊர்பேர் இல்லாதவர்களாகிவிடுவார்கள். விடுதிக்கு வந்த ஒரே ஒரு நமீபியப் பெண்மணி இப்படித்தான் முதல் கணக்கில் காணாமல் போயிருந்தார்.

பெயர் மாறுவது ஒரு விஷயம். பூமி மாறுவது இன்னொரு விஷயம். எண் குறிகளுக்கு இந்த வித்தியாசம் தெரியும். 1989இல் பர்மா மியான்மர் ஆனபோது எழுத்துக் குறிகள் மாறின. 104 என்ற எண் மாறவில்லை. மண் அதே மண் அல்லவா? மேற்கு ஜெர்மனியின் 280, கிழக்கு ஜெர்மனியோடு சேர்ந்த பிறகு 276 ஆயிற்று. 2011இல் தெற்குப் பகுதி பிரிந்து போனதும் சூடானின் 736, 729 ஆகிவிட்டது. பெயர் மட்டும் அதே சூடான்.

இதைக் கேட்டபோது எனக்கு இந்த ஊர்தான் நினைவுக்கு வந்தது. திருவண்ணாமலை தாலூகா 1911 வரை தென்னார்க்காடு ஜில்லாவில் இருந்தது. பிறகு வடஆர்க்காட்டில் சேர்ந்தது. ஒருவரும் மூட்டை கட்டவில்லை, ஒரு மாட்டு வண்டியும் நகரவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஜில்லா மாறிவிட்டன. 1901இன் வடஆர்க்காட்டையும் 1921இன் வடஆர்க்காட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஜனத்தொகையை ஒப்பிட்டால் தப்புக் கணக்குத்தான் வரும். 1989இல் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்று தனி மாவட்டமே பிறந்தது. பத்து வருஷம் ஆவதற்குள் சம்புவராயர் பெயரிலிருந்து விடைபெற்றார். முன்னது பூமியின் மாற்றம், பின்னது பெயரின் மாற்றம்.

அந்தப் பெண் கடைசியாக 1971ஆம் வருஷத்து ரிஜிஸ்தரை என் முன்னால் விரித்தாள். ஒரு தாயும் இரண்டு குழந்தைகளும். ஊர்: ஹட்டன். நாடு என்ற கட்டத்தில் 'சிலோன்' என்று எழுதி அடித்திருந்தது. மேலே 'இந்தியா' என்று எழுதி, அதையும் அடித்திருந்தது. மை ஒன்றுதான், கையெழுத்தும் ஒன்றுதான்.

"இவங்களை எதிலே சேர்க்கிறது மாமா? சிலோன்னு போட்டா இலங்கையின் குறி தானா வந்துடும். இந்தியான்னு போட்டாலும் வந்துடும்."

நான் உடனே பதில் சொல்லவில்லை. ஹட்டன் தேயிலைத் தோட்டத்து ஊர். நம் ஜில்லாக்களிலிருந்து கங்காணிகளோடு போனவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே பிறந்து கொழுந்து பறித்தார்கள். 1948இல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக்கிற்று. 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். பத்து வருஷம் கழித்து, 1974இல், அவர்களைச் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். அதுவரை அந்த ஒன்றரை லட்சம் பேரும் இரண்டு தலைநகரங்களிலும் வெறும் பாக்கித் தொகை!

அந்தத் தாய் எந்தக் கணக்கில் இருந்தாள்? இந்தியப் பாஸ்போர்ட்டோடு வந்தவளா, ஒன்றுமே கைக்கு வராதவளா? எழுதியவருக்கு அவள் என்ன சொன்னாள்? ரிஜிஸ்தர் சொல்லவில்லை.

"காலியாக விட்டுவிடு அம்மா" என்றேன்.

"காலியா விட்டா நமீபியா அம்மா மாதிரி ஆயிடுமே. கணக்கிலேயே வரமாட்டாங்க."

எனக்குச் சுருக்கென்றது. நாடு உள்ள ஒருத்தியை யந்திரம் நாடற்றவளாக்கியது. இப்போது நாடு எதுவென்று தெரியாத ஒருத்தியை நான் இல்லாதவளாகவே ஆக்கப் பார்த்தேன். யந்திரத்துக்காவது சொல்லி வைத்தால் தெரியும்.

அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பாஸ்போர்ட்டுகளில் நாடற்றவர்களுக்கென்றே எக்ஸ். எக்ஸ். ஏ. என்று ஒரு குறி இருக்கிறதாம். அதையும் அவள் போடவில்லை. அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல நாம் யார் என்றாள். அட்டவணையில் புதிதாக ஒரு பத்தி சேர்த்தாள். அதற்கு 'எழுதியது எழுதியபடி' என்று தலைப்பு. அதில், "சிலோன், அடித்தது, இந்தியா, அடித்தது, மூன்று பேர்" என்று பதிந்தாள். மொத்த எண்ணிக்கையில் மூவரும் சேர்ந்தார்கள்.

அன்று மாலை விடுதி வாசலிலிருந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தாயும் ஐம்பது வருஷங்களுக்கு முன்னால் இந்த வாசலிலிருந்து பார்த்திருப்பாள். கிரிவலம் போகிறவர்களை எந்த ஊர், எந்த நாடு என்று அங்கே யாரும் கேட்பதில்லை. திரும்பி வந்து விடுதிப் படியேறினால்தான் அந்தக் கட்டம் காத்திருக்கிறது.