த்ரீ நாட் த்ரீயும் ஒரு பித்தளை எண்ணெய்ப் புட்டியும்

எங்க ராசிங்காபுரத்துல "கவாத்து"ன்னு சொன்னா ரெண்டு அர்த்தம். மலையேறி ஏலத்தோட்டத்துக்குப் போறவங்களுக்கு அது நிழல்மரத்துல கிளை கழிக்கிற வேலை. போலீஸ்லயோ பட்டாளத்துலயோ இருந்துட்டு வந்தவங்களுக்கு அது டிரில். இந்தப் பதிவு ரெண்டாவது கவாத்தைப் பத்தி. அதுலயும் தோள்ல இருக்கிற துப்பாக்கியை விட, அதோட மரக்கட்டைக்குள்ள ஒளிஞ்சிருக்கிற சில்லறைச் சாமான்களைப் பத்தி. :)

துப்பாக்கி எதுன்னு கேட்டா, நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச த்ரீ நாட் த்ரீதான். முழுப்பேர் லீ-என்ஃபீல்டு. ஜேம்ஸ் பாரிஸ் லீ வடிவமைச்ச போல்ட்டும், இங்கிலாந்தின் என்ஃபீல்டு தொழிற்சாலை தந்த குழல் வரிகளும் 1895ல் ஒண்ணு சேர்ந்து பிறந்தது. குழலின் உள்விட்டம் 0.303 அங்குலம், அதான் அந்தப் பேர். மேகசின்ல 10 தோட்டா. அஞ்சஞ்சா கிளிப்புல வெச்சு அழுத்தி நிரப்பணும். 1907ல் வந்த மார்க் 3 ரகம்தான் முதல் உலகப்போர் முழுக்க உழைச்சது. கல்கத்தா பக்கத்துல இஷாபூர் தொழிற்சாலையிலயும் இதைச் செஞ்சாங்க.

தோள்ல அணைக்கிற மரக்கட்டையோட அடியில ஒரு பித்தளைத் தகடு இருக்கும். அதுல சின்னக் கதவு. திறந்தா உள்ளே ரெண்டு சாமான்: ஒரு எண்ணெய்ப் புட்டி, ஒரு "புல்த்ரூ". புல்த்ரூன்னா ஒரு முனையில பித்தளைக் குண்டு, மறுமுனையில துணி மாட்ட வளையம் வெச்ச கயிறு. குண்டைக் குழலுக்குள்ள விட்டா மறுபக்கம் வந்து விழும். பிடிச்சு ஒரே இழுப்பு! துணிக்கு அளவு 4 அங்குலத்துக்கு 2 அங்குலம். நம்ம பட்டாளத்துலயும் என்.சி.சி.யிலயும் அதுக்குப் பேர் "சிந்தி". துணி உள்ளே சிக்கியிருக்கிறது தெரியாம சுட்டா குழல் வீங்கும், வெடிக்கவும் செய்யும்.

ஆனா எண்ணெயும் துணியும் மட்டும் போதாது. சுட்டு முடிச்சதும் குழலுக்குள்ள கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊத்தணும். இரும்புல தண்ணியா? காரணம் நம்ம சிவகாசி தீக்குச்சியில இருக்கு. குச்சி மருந்துல இருக்கிற பொட்டாசியம் குளோரேட்தான் அந்தக் காலத் தோட்டாவோட கேப்புலயும் இருந்தது. அது எரிஞ்சா மிஞ்சுறது ஒரு வகை உப்பு. உப்பு காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும், குழல் துருப்பிடிக்கும். எண்ணெயில உப்பு கரையாது, தண்ணியிலதான் கரையும். வெந்நீர்னா இரும்பு சூடாகித் தானே காய்ஞ்சிடும். அப்புறம் துணி, அப்புறம்தான் எண்ணெய். எதிரியை விட, தன்னோட சொந்தத் தோட்டாதான் இதுக்குப் பெரிய எதிரி!

போடிமெட்டு ஏறினவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மழைக்காலத்துல மஞ்சுக்குள்ள அரிவாளை வெளியே போட்டுட்டுத் தூங்கினா, காலையில அது செவந்து கிடக்கும். ரெண்டாம் உலகப்போர்ல மெட்ராஸ் சாப்பர்ஸ் வட ஆப்பிரிக்காவிலும் இருந்தாங்க, பர்மாவிலும் இருந்தாங்க. பாலைவனத்துல எண்ணெய் கூடினா மணல் ஒட்டிப் போல்ட் நகராது. பர்மா மழையில எண்ணெய் குறைஞ்சா துரு. ஒரே துப்பாக்கி, ஊருக்கு ஊர் வேற பக்குவம்.

என்ஃபீல்டுங்கிற பேருக்கும் நமக்கும் உள்ள கணக்கு இன்னும் பழசு. 1857ல் சிப்பாய்களைக் கொதிக்க வெச்சது 1853 மாடல் என்ஃபீல்டு. தோட்டா சுலபமா உள்ளே இறங்கவும், கருமருந்துக் கரி குழல்ல இறுகாம இருக்கவும் தடவின கொழுப்பு மாட்டுக்கொழுப்பா பன்றிக்கொழுப்பாங்கிற சந்தேகம் ஒரு ராஜ்ஜியத்தையே ஆட்டிடுச்சு. மசகு சின்ன விஷயம்னு யாராவது சொன்னா இதைச் சொல்லுங்க.

இப்போ நான் சொல்ல வந்த விஷயம். இந்தப் பராமரிப்பாலதான் அந்தத் துப்பாக்கி நூறு வருஷம் தாங்குச்சு. அதுவே வினையாவும் ஆச்சு. 1962ல் சீனாக்காரனோட தானியங்கித் துப்பாக்கிக்கு முன்னால நம்ம ஜவான் கையில இதுதான். ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுக்கணும். 2008 நவம்பர் 26 ராத்திரி, மும்பை சி.எஸ்.டி. ரயில் நிலையத்துல ஏ.கே. 47க்கு எதிரா போலீஸ் கையில இருந்ததும் இதுதான். அங்கே 50 பேருக்கு மேல செத்தாங்க. அப்புறம் விசாரிச்ச ராம் பிரதான் கமிட்டி, சுட்டுப் பழகவே போலீசுக்குப் போதிய தோட்டா கொடுக்கலைன்னு சுட்டிக்காட்டியது. உத்தரப் பிரதேசப் போலீஸ் இதுக்கு விடை கொடுத்தது 2020 குடியரசு நாள் அணிவகுப்புலதான்.

பளபளன்னு துடைச்சு வெச்சிருக்கோம்ங்கிற திருப்தியிலயே, மாத்தணும்ங்கிற நினைப்பு தள்ளித் தள்ளிப் போயிடுச்சுன்னு எனக்குத் தோணுது. ஒரு காவலர் தினம் எண்ணெய் போட்டுத் துடைக்கிறார், ஆனா வருஷக்கணக்கா ஒரு ரவுண்டு கூடச் சுடலைன்னா, அவர் கையில இருக்கிறது 4 கிலோ தடிதான். புட்டியில எண்ணெய் இருந்தது சரி. கிளிப்புல தோட்டா இருந்ததான்னு கேட்டிருக்கணும்.

என்.சி.சி.யில புல்த்ரூ இழுத்த அனுபவம் இருக்கிறவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா. எத்தனை தடவை துடைச்சீங்க, எத்தனை ரவுண்டு சுட்டீங்கன்னு ரெண்டு கணக்கையும் சேர்த்தே எழுதுங்க!