மில்லிமீட்டர் அலைத் தொழில்நுட்பமும் வணிகச் சந்தையும்: ஒரு வரலாற்று மதிப்பீடு (1895–2025)

ஆய்வுச் சுருக்கம்

மில்லிமீட்டர் அலைகள் 1890களிலேயே ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டுவிட்டன. எனினும் அவற்றுக்கான பெருஞ்சந்தை ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே உருவாயிற்று. இக்காலத் தாழ்வுக்கு இருவகைக் காரணங்கள் பொதுவாகக் கூறப்படுகின்றன. ஒன்று, இவ்வலை நெடுந்தொலைவு செல்லாது என்னும் இயற்பியல் காரணம். மற்றொன்று, ஜெகதீஷ் சந்திர போஸ் காப்புரிமையில் நாட்டம் காட்டவில்லை என்னும் தனிமனிதக் காரணம். இவ்விரண்டும் போதுமான விளக்கங்கள் அல்ல என்பதையும், ஒவ்வொரு காலகட்டத்திலும் போட்டித் தொழில்நுட்பத்தின் விலையும் அரசின் விதிகளுமே சந்தையின் போக்கைத் தீர்மானித்தன என்பதையும் இக்கட்டுரை வரலாற்று முறையில் நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மில்லிமீட்டர் அலை, ஜெகதீஷ் சந்திர போஸ், அலைக்கற்றை, ஒளியிழை, தானுந்து ரேடார், 5ஜி.

முன்னுரை

30 முதல் 300 கிகாஹெர்ட்ஸ் வரை அதிர்வெண் கொண்ட மின்காந்த அலைகள் மில்லிமீட்டர் அலைகள் எனப்படுகின்றன. இவற்றின் அலைநீளம் 10 மி.மீ. முதல் 1 மி.மீ. வரை அமைகிறது. 24, 26, 28 கிகாஹெர்ட்ஸ் அலைகளின் நீளம் 10 மி.மீ.க்குச் சற்று மிகுதியாயினும், வணிக வழக்கில் அவையும் இவ்வகையிலேயே சேர்க்கப்படுகின்றன. இக்கட்டுரையும் அவ்வழக்கையே பின்பற்றுகிறது.

அலைநீளம் குறைவதால் இரு நன்மைகள் விளைகின்றன. அகன்ற அலைக்கற்றை கிடைக்கிறது. சிறிய அலைவாங்கியைக் கொண்டே கூர்மையான கற்றையை உருவாக்க இயல்கிறது. இடர்ப்பாடுகளும் உண்டு. சுவர், இலை, மழை ஆகியவை இவ்வலையைப் பெரிதும் தடுக்கின்றன. இந்நன்மை தீமைகள் காலந்தோறும் மாறாதவை. சந்தையோ மாறிக்கொண்டே வந்துள்ளது. மாறாத ஒன்றைக் கொண்டு மாறும் ஒன்றை முழுமையாக விளக்க இயலாது என்பதே இவ்வாய்வின் தொடக்கப்புள்ளி.

போஸின் ஆய்வும் காப்புரிமை வாதமும்

கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த போஸ், 1895இல் மின்காந்த அலையைக் கொண்டு தொலைவில் இருந்த மணியை ஒலிக்கச் செய்தும் வெடிமருந்தை வெடிக்கச் செய்தும் பொதுமக்கள் முன்னிலையில் காட்டினார். 1897 சனவரியில் இலண்டன் ராயல் நிறுவனத்தில் தம் கருவிகளை விளக்கி உரையாற்றினார். அவர் கையாண்ட அலைகளின் நீளம் ஏறத்தாழ 25 மி.மீ. முதல் 5 மி.மீ. வரை, அதாவது 60 கிகாஹெர்ட்ஸ் வரை. குழாய்வடிவ அலைவழி, கூம்பு அலைவாங்கி, முப்பட்டகத்தால் அமைந்த ஒடுக்கி, முறுக்கிய சணலால் அமைந்த முனைவாக்கி எனப் பின்னாளில் நுண்ணலைப் பொறியியலின் அடிப்படைகளாக விளங்கிய பல கருவிகள் அவர் மேசையில் இருந்தன. 1895இல் உருசியாவில் லெபெதேவ் 6 மி.மீ. அலைகளை உருவாக்கியதும் இங்குக் கருதத்தக்கது.

போஸ் காப்புரிமையை விரும்பவில்லை என்பது உண்மை. தந்திக் குழுமம் ஒன்றின் உரிமையாளர் தம்மை அணுகியதையும் தாம் மறுத்ததையும் 1901இல் தாகூருக்கு எழுதிய மடலில் அவர் குறிப்பிடுகிறார். நண்பர்களின் வற்புறுத்தலால் விண்ணப்பித்த கலீனா உணர்கருவிக்கு மட்டும் 1904இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதனாலும் அவர் வணிகப் பயன் தேடவில்லை. இதைக் கொண்டு, ‘போஸ் உரிமை கோரியிருந்தால் கம்பியில்லாத் தொடர்புச் சந்தை இந்தியாவின் கைக்கு வந்திருக்கும்’ என்னும் கருத்து பரவலாக எழுதப்பட்டு வருகிறது.

இக்கருத்து ஏற்புடையதன்று. அக்காலத்தில் கம்பியில்லாத் தந்தியை விலை கொடுத்து வாங்க முன்வந்தோர் கப்பல் நிறுவனங்களும் கடற்படைகளுமே. அவர்களின் தேவை தொலைவு. மார்க்கோனி நெட்டலைகளை நோக்கிச் சென்று, 1901 திசம்பரில் அட்லாண்டிக்கைக் கடந்தார். போஸின் பொறி அலையியற்றியோ மிகக் குறைந்த ஆற்றலை, தொடர்ச்சியற்ற துடிப்புகளாகவே தந்தது. 5 மி.மீ. அலைக்கு 1897இல் வாங்குவோரே இல்லை. இல்லாத சந்தையைக் காப்புரிமை உருவாக்கித் தந்திருக்காது. போஸின் பெருமை அவர்தம் அறிவியலில் உள்ளது. இழந்த செல்வக் கணக்கில் அதைத் தேடுவது அவருக்கும் வரலாற்றுக்கும் நீதி செய்வதாகாது.

போர்க்கால ரேடாரும் வளிமண்டலமும்

1937இல் கிளைஸ்ட்ரான் குழலும், 1940இல் பர்மிங்காமில் குழி மாக்னெட்ரானும் உருவான பின்னர், ஆற்றல் மிக்க நுண்ணலைகளைப் பெற முடிந்தது. இரண்டாம் உலகப்போரின் பிற்பகுதியில் அமெரிக்கர்கள் ரேடாரின் அலைநீளத்தை 1.25 செ.மீ.க்குக் குறைத்தனர். 22 கிகாஹெர்ட்ஸ் அருகே நீராவி அலையை உறிஞ்சும் என்பதால், ஈரக்காற்றில் அக்கருவியின் எட்டும் தொலைவு சுருங்கியது. இயற்பியலறிஞர் வான் விளெக் இவ்வுறிஞ்சலைக் கோட்பாட்டு முறையில் விளக்கியிருந்தார். அப்பட்டையே பின்னர் ‘கே’க்குக் கீழ், ‘கே’க்கு மேல் என இரண்டாகப் பிரித்து வழங்கப்பட்டது. 60 கிகாஹெர்ட்ஸ் அருகே ஆக்சிசன் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 15 டெசிபல் அளவுக்கு அலையை உறிஞ்சுகிறது என்பதும் தெளிவாயிற்று. இயற்பியல் தடையே முழு விளக்கம் எனின், வரலாறு இத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் முடியவில்லை.

வென்ற சோதனை, தோன்றாத சந்தை

காற்று தடையெனில் அலையைக் குழாய்க்குள் செலுத்தலாம் என்பது பெல் ஆய்வகத்தின் தீர்வு. வட்டக் குழாயில் ஒரு குறிப்பிட்ட அலைவடிவத்தைச் செலுத்தினால், அதிர்வெண் கூடக்கூட இழப்பு குறையும் என்பது 1930களிலேயே அறியப்பட்டிருந்தது. இதனடிப்படையில் 1970களின் நடுப்பகுதியில் நியூசெர்சியில் 14 கி.மீ. நீளத்துக்குக் குழாய் பதிக்கப்பட்டுச் சோதனை நடந்தது. 40 முதல் 110 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தொலைபேசி உரையாடல்களை ஒரே குழாயில் அனுப்ப இயலும் எனக் கணக்கிடப்பட்டது. இங்கிலாந்தின் அஞ்சல் துறையும் மார்ட்டில்ஷாம் – விக்காம் மார்க்கெட் இடையே ஏறத்தாழ அதே நீளத்தில் சோதனை நடத்தியது.

இச்சோதனைகள் தொழில்நுட்ப நோக்கில் தோல்வியுறவில்லை. ஆயினும் சந்தைக்கு வரவில்லை. 1970இல் கார்னிங் நிறுவனத்தின் மௌரர், கெக், சூல்ட்ஸ் ஆகியோர் கிலோமீட்டருக்கு 20 டெசிபலுக்கும் குறைந்த இழப்புடைய ஒளியிழையை உருவாக்கியிருந்தனர். உலோகக் குழாயை ஏறத்தாழ நேர்கோட்டில், மிகுந்த துல்லியத்துடன் பதிக்க வேண்டும். இழையையோ ஏற்கெனவே உள்ள நிலத்தடிக் குழல்களில் வளைத்து இழுத்துவிடலாம். நாற்பதாண்டு உழைப்பு இவ்வாறு கைவிடப்பட்டது. இங்கு மில்லிமீட்டர் அலையை வென்றது காற்றன்று. மலிவான கண்ணாடி இழையே.

ஏலச் சந்தையும் வீழ்ச்சியும்

1980களின் இறுதியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தொடங்கிய திட்டத்தால் காலியம் ஆர்சினைடு ஒருங்கிணைந்த சுற்றுகள் வளர்ச்சி பெற்றன. 1995இல் அமெரிக்கக் கூட்டாட்சித் தொடர்பு ஆணையம் 59–64 கிகாஹெர்ட்ஸ் பட்டையை உரிமமின்றிப் பயன்படுத்தவும், 76–77 கிகாஹெர்ட்ஸ் பட்டையை ஊர்தி ரேடாருக்குப் பயன்படுத்தவும் திறந்துவிட்டது. 1998இல் 28 கிகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டார ஒளிபரப்புச் சேவைக்கான ஏலத்தில் ஏறத்தாழ 57.8 கோடி டாலர் திரட்டப்பட்டது. கம்பியின்றி இல்லங்களுக்கு அகலப்பட்டை வழங்குவதே நோக்கம்.

இதையொத்த 24, 38 கிகாஹெர்ட்ஸ் பட்டைகளை நம்பி வளர்ந்த டெலிஜென்ட், வின்ஸ்டார் ஆகிய இரு நிறுவனங்களும் 2001இல் நொடித்துப்போயின. கருவி விலை உயர்ந்திருந்தது. தொலைபேசிக் கம்பியிலும் தொலைக்காட்சிக் கம்பிவடத்திலும் அகலப்பட்டை மலிவாக வந்துவிட்டது. முதலீட்டுச் சந்தையும் சரிந்தது.

இதற்கு மாறான ஒரு சான்றும் உண்டு. 2003இல் அதே ஆணையம் 71–76, 81–86 கிகாஹெர்ட்ஸ் பட்டைகளை எளிய பதிவு முறையில் வழங்கியது. கைப்பேசிக் கோபுரங்களை இணைக்கும் இருமுனைத் தொடர்பில் இப்பட்டை நிலைபெற்றது. நகரத் தெருவைத் தோண்டி ஒளியிழை பதிக்கும் செலவும் காலமும் மிகுதி என்பதே அதற்குக் காரணம். 1970களில் இவ்வலையை வென்ற அதே ஒளியிழை, இங்குத் தோண்டும் கூலியால் தோற்றது.

விதி உருவாக்கிய சந்தைகள்

தானுந்து ரேடார் இவ்வலையின் நிலையான பெருஞ்சந்தை எனலாம். 1999 அளவில் மெர்சிடஸ் பென்ஸ் தன் உயர்வகைத் தானுந்தில் 77 கிகாஹெர்ட்ஸ் ரேடாருடன் கூடிய வேகக் கட்டுப்பாட்டை வழங்கியது. தொடக்கத்தில் இது செல்வர்களுக்கான வசதி மட்டுமே. இருமாற்றங்கள் அதைப் பொதுப்பொருளாக்கின. முதலாவது விலை: 2009 அளவில் காலியம் ஆர்சினைடின் இடத்தில் சிலிக்கான் செர்மேனியம் சில்லுகளும், பின்னர் வழக்கமான சிலிக்கான் சில்லுகளும் வந்தன. இரண்டாவது விதி: ஐரோப்பிய மோதல் மதிப்பீட்டு அமைப்பு 2014 முதல் தன்னியக்கத் தடையைத் தர மதிப்பீட்டில் சேர்த்தது, ஐரோப்பிய ஒன்றியம் 2022 சூலை முதல் புதிய வகை ஊர்திகளுக்கு அதைக் கட்டாயமாக்கியது. மூடுபனியிலும் இருளிலும் ஒளிப்படக் கருவி தடுமாறும் இடத்தில் ரேடார் பணியாற்றுவதால், போட்டித் தொழில்நுட்பம் அதை அகற்ற இயலவில்லை.

வானூர்தி நிலைய உடல் வருடியும் இத்தகையதே. அமெரிக்காவின் பசிபிக் வடமேற்கு தேசிய ஆய்வகத்தில் உருவான இக்கருவி 24–30 கிகாஹெர்ட்ஸ் அலைகளைப் பயன்படுத்துகிறது. 2009 திசம்பரில் அமெரிக்கப் பயணியர் வானூர்தியில் நிகழ்ந்த குண்டுவெடிப்பு முயற்சிக்குப் பின் அதன் பரவல் விரைந்தது. அதன் போட்டியாளரான எக்ஸ் கதிர் வருடியை உடல்நலம் கருதி ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் விலக்கியது. உடலுருவைக் காட்டாத மென்பொருள் வேண்டும் என்னும் அமெரிக்கச் சட்டத்தை நிறைவு செய்ய இயலாமல் அது 2013இல் அந்நாட்டு வானூர்தி நிலையங்களிலிருந்தும் நீங்கியது. இங்கு வாங்குவோர் அரசே. போட்டியை விலக்கியதும் அரசே.

5ஜி: கட்டளைக்கு அடங்காத சந்தை

28, 38 கிகாஹெர்ட்ஸ் அலைகள் நகர்ப்புறக் கைப்பேசித் தொடர்புக்கு ஏற்றவை என்பதை ராப்பபோர்ட் குழுவினர் நியூயார்க், ஆஸ்டின் நகரங்களில் அளந்து 2013இல் வெளியிட்டனர். அலைநீளம் சிறிதாதலால் பல அலைவாங்கிகளை ஒரே தகட்டில் அடுக்கிக் கற்றையைத் திருப்பலாம் என்பது இம்முயற்சியின் அடிப்படை. 2019இல் ஷார்ம் எல் ஷேக்கில் நடந்த உலக வானொலித் தொடர்பு மாநாடு 24.25–27.5 கிகாஹெர்ட்ஸ் உள்ளிட்ட பட்டைகளை இதற்கென ஒதுக்கியது.

தென்கொரியாவின் பட்டறிவு ஆய்வாளர்க்கு முதன்மையான சான்றாகும். 2018 ஏலத்தில் 28 கிகாஹெர்ட்ஸ் பட்டையைப் பெற்ற மூன்று நிறுவனங்களும் தலா 15,000 நிலையக் கருவிகளை நிறுவ வேண்டும் என அரசு விதித்தது. அவை அவ்வெண்ணிக்கையை எட்டவில்லை. 2022 திசம்பரில் இரு நிறுவனங்களின் ஒதுக்கீடும், 2023 மே மாதம் மூன்றாவதன் ஒதுக்கீடும் நீக்கப்பட்டன. 2024 தொடக்கத்தில் 43,010 கோடி வொன்னுக்கு அப்பட்டையைக் கோரிய புதிய நிறுவனத்தின் தகுதியும் அவ்வாண்டிலேயே நீக்கப்பட்டது. 3.5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஏற்கெனவே சேவை பெற்ற பயனர், கூடுதல் வேகத்துக்குக் கூடுதல் விலை தர முன்வரவில்லை.

இந்தியாவில் 2022 ஏலத்தில் 26 கிகாஹெர்ட்ஸ் பட்டை முதன்முறையாக விற்கப்பட்டது. அதில் 400 மெகாஹெர்ட்ஸை 212 கோடி ரூபாய்க்குப் பெற்ற அதானி குழும நிறுவனம், அவ்வுரிமையைப் பார்தி ஏர்டெல் குழுமத்துக்கு மாற்றித்தர 2025இல் உடன்பட்டது.

அரசின் விதி சந்தையை உருவாக்கும் என மேலே கூறப்பட்டதற்கு இது முரணாகத் தோன்றலாம். வேறுபாடு விதியின் இயல்பில் உள்ளது. தானுந்துத் தடை விதி வாங்குவோரைக் கட்டாயப்படுத்தியது. கொரிய விதி விற்போரை மட்டுமே கட்டாயப்படுத்தியது. பின்னதற்கு மாற்றுவழி மலிவாக இருந்ததால் அவ்விதி பயன்தரவில்லை.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. மில்லிமீட்டர் அலையின் இயற்பியல் இயல்புகள் சந்தையின் எல்லையை வகுத்தன. வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கவில்லை. இயங்கிக் காட்டிய அலைவழிக் குழாய் வணிகத்தில் தோன்றவே இல்லை. மழைக்கு அஞ்சும் 70, 80 கிகாஹெர்ட்ஸ் தொடர்பு நிலைபெற்றது.

2. போஸின் காப்புரிமை மறுப்பைச் சந்தை இழப்புக்குக் காரணமாகக் காட்டுவது, பிற்காலத் தேவையை முற்காலத்தின் மேல் ஏற்றிக் கூறும் பிழையாகும்.

3. போட்டித் தொழில்நுட்பம் விலையாலோ விதியாலோ செயலிழந்த இடங்களில் மட்டுமே இவ்வலைக்குச் சந்தை அமைந்தது. விதி வாங்குவோரைச் சென்று சேராத இடத்தில் உரிமக் கட்டணம் மட்டுமே எஞ்சியது.

தொழில்நுட்ப வரலாற்றைத் தமிழில் எழுதுவோர் கண்டுபிடிப்பாளரின் வாழ்வோடு நின்றுவிடாமல், கருவியின் விலை, ஏல ஆவணம், விதிநூல் ஆகியவற்றையும் மூலங்களாகக் கொள்ளுதல் வேண்டும். 26 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் இந்திய வரலாறு இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் ஒன்று. அதை மதிப்பிடுவோர்க்கு இந்த அளவுகோல் பயன்படும்.