பீரங்கி மேட்டில் ஒரு கேள்வி

திருவையாற்றிலிருந்து தஞ்சைக்குச் செல்கையில் ஐந்து ஆறுகளைக் கடக்கிறோம். பெரிய கோயிலைக் கண்டு பூரிக்கிறோம். கீழவாசல் பீரங்கி மேட்டை எட்டிப் பார்த்தோர் நம்மில் எத்துணை பேர்?

17-ஆம் நூற்றாண்டில், நாயக்கர் ஆட்சியில் உருவான இரும்புப் பீரங்கி அங்கே கிடக்கிறது. நீளம் ஏறத்தாழ 25 அடி. எடை 22 டன். வார்த்ததன்று! நீண்ட இரும்புப் பட்டைகளைக் குழலாக அடுக்கி, வளையங்களைக் காய்ச்சி மாட்டி, அடித்து இணைத்தது. வாயின் அகலமோ 2 அடி. அதற்கேற்ற கருங்கல் குண்டு ஏறத்தாழ 300 கிலோ இருக்கும். இரும்புக் குண்டெனில் 800 கிலோ. அதைத் தள்ளும் அளவுக்கு மருந்து இட்டால் குழலே பிளக்கும். பெரும்பீரங்கிகள் பல நாடுகளிலும் கல்லையே உமிழ்ந்த காரணம் இதுதான்.

பின்னர் மேலை நாட்டார் குண்டின்மீதே கருத்தைச் செலுத்தினர். உள்ளே சிறு குண்டுகளை அடைத்து, எதிரியின் தலைக்கு மேல் வெடிக்கச் செய்யும் குண்டை 1784-இல் உருவாக்கத் தொடங்கியவர் ஹென்றி ஷ்ராப்னல் என்னும் ஆங்கிலப் படையதிகாரி. அக்குண்டுக்கு அவர் பெயரே நிலைத்தது. குண்டுச் சிதறலையும் இன்று அப்பெயராலேயே அழைக்கின்றனர். கொல்லும் கருவிதான், ஆயினும் செய்தவன் பெயர் மறையவில்லை!

நம் பீரங்கிக்கோ 'இராசகோபாலப் பீரங்கி' என்று பெயர். தெய்வத்தின் பெயர்! ஆட்சி செய்த மன்னர் பெயரும் ஏட்டில் உண்டு. உலை ஊதி, சம்மட்டி தூக்கிய கொல்லர் பெயர் எங்கே? அவர்கள் இறுக்கிய வளையங்கள் மட்டும் வெயிலிலும் மழையிலும் அங்கேயே கிடக்கின்றன.