வானொலிக் கட்டுப்பாட்டு மின்விமான மாதிரி

தரையிலிருந்து வானொலி அலையால் இயக்கப்படும், பேட்டரியில் பறக்கும் சிறு விமானம். 1957 ஜூன் 30 அன்று இங்கிலாந்தில் கர்னல் எச். ஜே. டாப்ளின் தம் 'ரேடியோ குவீன்' மாதிரியை வெள்ளி-துத்தநாக மின்கலத்தால் பறக்கவிட்டார். இவ்வகையில் பதிவான முதல் பறத்தல் இதுவே எனக் கருதப்படுகிறது. லித்தியம் பாலிமர் பேட்டரியும் பிரஷ்லெஸ் மோட்டாரும் வந்த பிறகே மின்விமானம் பறக்கவிடுவது பரவலான பொழுதுபோக்காயிற்று.

முதல் விமானமாகப் போர்விமான வடிவத்தை வாங்க ஆசை எழும், தவிர்ப்பது நல்லது. இறக்கை உடலுக்கு மேலே அமைந்த, நுரைப்பொருளாலான பயிற்சி விமானம் மெதுவாகப் பறக்கும், சாய்ந்தால் தானே நிமிர முயலும், உடைந்தால் பசையால் ஒட்டலாம்.

விமானம் விற்கப்படும் சில பெட்டிகளில், தரையிலிருந்து அதை இயக்கும் டிரான்ஸ்மிட்டர் இராது. தனியே வாங்குகையில் அது விமானத்திலுள்ள ரிசீவரோடு இணையுமா எனப் பார்க்க வேண்டும்; இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குவது மட்டும் போதாது. நல்ல டிரான்ஸ்மிட்டர் அடுத்தடுத்த விமானங்களுக்கும் உதவும். ஆகவே அதில் கூடுதலாகச் செலவிடுவது தகும்.

பேட்டரியில்தான் மிகுந்த கவனம் வேண்டும். லித்தியம் பாலிமர் செல் ஒன்றின் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2. மூன்று செல் தொடர் 11.1 வோல்ட் தரும். கொள்ளளவு 2200 மில்லிஆம்பியர்-மணி, சி-எண் '30சி' (கொள்ளளவின் 30 மடங்கு மின்னோட்டம்) என்றால் கணக்குப்படி 66 ஆம்பியர் வரை எடுக்கலாம். அச்சிட்ட சி-எண்ணை முழுதும் நம்பலாகாது. மோட்டாரின் வேகக் கட்டுப்படுத்தி, மோட்டார் இழுக்கும் உச்ச மின்னோட்டத்தைவிடக் கூடுதலாகத் தாங்க வேண்டும். செல்களைச் சமன்செய்யும் சார்ஜர் கட்டாயம். பறக்காத நாட்களில் பேட்டரியைச் செல்லுக்குச் சுமார் 3.8 வோல்ட்டில் வைக்கலாம். ஊதிப்போன பேட்டரி தீப்பற்றக்கூடும். அதை மீண்டும் சார்ஜ் செய்யவே கூடாது.