அருவியில் பிறந்து கடலுக்கு வந்த ஹைட்ரஜன்

"குடிக்கவே தண்ணி இல்ல, இதுல தண்ணிய ஒடச்சு கேஸ் எடுக்கப் போறாங்களாம்!"

பசுமை ஹைட்ரஜன் பற்றிப் பேச்சு வந்தபோது கேன்டீனில் நண்பன் அடித்த கமெண்ட் இது. 2019-ல் சென்னையில் குடத்தோடு லாரிக்காக வரிசையில் நின்றவன். கோபம் நியாயம்தான். நான் படிப்பது பி.காம்., எனக்கும் வேதியியலுக்கும் பத்தாம் வகுப்போடு உறவு முறிந்துவிட்டது. இருந்தாலும் கேள்வி என்னை விடவில்லை. தேடிப் போனால் கதை 1800-ல் ஆரம்பிக்கிறது.

அந்த வருடம்தான் வோல்டாவின் மின்கலம் பற்றிய செய்தி லண்டனுக்கு வந்தது. உடனே நிக்கல்சன், கார்லைல் என்ற இருவர் அதன் கம்பிகளைத் தண்ணீரில் விட்டு ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பிரித்துவிட்டார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தவர் டென்மார்க்கின் பால் லா கூர். வாத்தியார். அஸ்கோவ் என்ற ஊரில் 1891-ல் காற்றாலை அமைத்து மின்சாரம் எடுத்தார். காற்று நின்றுபோனால்? அடிக்கும்போதே ஹைட்ரஜன் தயாரித்துச் சேமித்து, 1895 முதல் 1902 வரை பள்ளிக்கு அதிலேயே விளக்கெரித்தார். நடுவில் வாயு வெடித்து ஜன்னல் கண்ணாடிகள் சிதறியதும் உண்டு. (பசங்க குஷியாக இருந்திருப்பார்கள்!)

பெரிய வியாபாரமாகச் செய்தது நார்வே. ருயுகான் அருவியை நம்பி 1911-ல் வெமோர்க் நீர்மின் நிலையம் வந்தது. 1929-ல் நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் அங்கே ஹைட்ரஜன் ஆலை அமைத்தது, உரத்துக்கான அம்மோனியா செய்ய. கரண்டும் அங்கேயே, தண்ணீரும் அங்கேயே. பிறகு இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கும் ஹைட்ரஜன் மலிவாகிவிட்டது. இயந்திரங்கள் நன்றாகத்தான் ஓடின, கட்டுப்படியாகவில்லை. 1977-ல் அந்தக் கட்டடத்தையே தகர்த்துவிட்டார்கள்.

இப்போது அது திரும்பி வரக் காரணம் சூரிய மின்சாரமும் காற்றாலையும் விலை குறைந்ததுதான். ஆனால் வெயில் கொளுத்தும் ஊரில் ஆறு ஓடாதே! சவூதி அரேபியாவின் நியோம் திட்டம் 2020-ல் அறிவிக்கப்பட்டது. செங்கடல் ஓரப் பாலைவனம், நாளொன்றுக்கு 600 டன் ஹைட்ரஜன் இலக்கு. தண்ணீருக்குக் கடல்தான் கதி. கடல்நீரை அப்படியே மின்சாரத்தால் பிரித்தால் உப்பிலிருந்து குளோரின் கிளம்பும், தகடுகள் அரித்துப்போகும். அதனால் முதலில் உப்பை நீக்கியாக வேண்டும்.

இதற்கே ஏகப்பட்ட செலவாகும் என்றுதான் நானும் நினைத்தேன். கணக்குப் போட்டதும் அசந்துவிட்டேன். ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 9 லிட்டர் தண்ணீரைப் பிரிக்க வேண்டும். வீணாவதையும் சேர்த்து 20 லிட்டர் என்றே வைத்துக்கொள்வோம். கடல்நீரில் உப்பு நீக்க 1000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் ஆகும். அப்படியானால் நம் 20 லிட்டருக்கு 0.08 யூனிட்டைத் தாண்டாது. அதே ஒரு கிலோ ஹைட்ரஜனைப் பிரித்தெடுக்க 50 யூனிட்டுக்கு மேல் வேண்டும்! வெமோர்க்கைப் போலவே இங்கேயும் லாப நஷ்டத்தைத் தீர்மானிப்பது மின்சாரத்தின் விலைதான்.

பெருமையாக நண்பனிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "சரிடா, மிச்ச உப்புத் தண்ணிய எங்க கொட்டுவாங்க?" என்றான்.

திரும்பக் கடலில்தான். உறிஞ்சும் நீரில் பாதிக்கு மேல், ஏறக்குறைய இரண்டு மடங்கு உப்போடு கரையோரம் போய்ச் சேர்கிறது. மீன் பிடிப்பவர்களின் நஷ்டத்துக்கு என் கணக்கில் நான் பத்தியே ஒதுக்கவில்லை.