இரண்டு கிலோ கடன்

மே மாதம் முடிகிற வேளையில் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து வயல்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மேட்டூர் அணை திறக்க வழக்கமாகக் குறிக்கிற நாள் ஜூன் 12. வாய்க்காலில் தண்ணீர் வருமுன் விதைநெல் வீடு வந்து சேர வேண்டும். ஆதிரெங்கம் நெல் திருவிழாவுக்குப் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் நாள் குறித்தார்கள். 2006-இல் தொடங்கிய அந்தக் கூட்டத்தில் மேடை உண்டு, பேச்சும் உண்டு. ஆனால் வந்தவர்களின் கண் விதை கொடுக்கும் இடத்திலேயே இருக்கும்.

ஆளுக்கு 2 கிலோ. காசு வேண்டாம். அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

விதைநெல்லை வாங்குகிற விவசாயி முதலில் ஒரு மணியைப் பல்லிடுக்கில் வைத்துக் கடிப்பார். 'கடக்'கென்று உடைந்தால் காய்ச்சல் சரி. பிறகு உள்ளங்கையில் பரப்பி, நிறமும் மூக்கும் ஒன்றுபோல இருக்கின்றனவா, கலவன் தெரிகிறதா என்று பார்ப்பார். அப்புறம் கேள்விகள். வயது எத்தனை நாள்? தூர் கட்டுமா? சாயுமா? தண்ணீர் நின்றால் தாங்குமா? இதற்கெல்லாம் பதில் சொல்ல, அதே நெல்லைப் போன வருஷம் போட்டு அறுத்த இன்னொரு விவசாயியைவிடத் தோதான ஆள் கிடையாது.

கடனாக வாங்கிக் கூட்டிக் கொடுப்பது காவிரிக் கரைக்குப் புதிதல்ல. சோழர் காலக் கல்வெட்டுகளில் வட்டிக்குப் பொலிசை என்று பெயர். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வைத்த முதலை ஊர்ச்சபைகள் எடுத்துக்கொண்டு, பொலிசையை நெல்லாக அளந்த கணக்கு இன்றும் கல்லில் இருக்கிறது. பின்னாளில் விதைப்புக்கு நெல் வாங்கிய குத்தகைக்காரர் அறுப்பு முடிந்ததும் களத்திலேயே ஒன்றுக்கு ஒன்றரையாகவும் அதற்கு மேலும் அளந்தார். கடன் கொடுத்தவர் வீட்டுக் குதிர் நிறைந்தது. நெல் திருவிழா அந்தப் பழைய கணக்கையே எடுத்துக்கொண்டு, கூடுதல் போய்ச்சேரும் இடத்தை மட்டும் மாற்றியது. கூடுதலாக வரும் 2 கிலோ, வரிசையில் நிற்கிற இன்னொரு விவசாயிக்குப் போகிறது.

அதற்கு முன் டெல்டா பார்த்த விவசாயக் கூட்டங்கள் வேறு மாதிரி. 1960-61-இல் நாட்டின் ஏழு மாவட்டங்களில் தீவிர வேளாண்மைத் திட்டம் வந்தபோது, தஞ்சாவூரும் அவற்றில் ஒன்று. விதை, உரம், கடன், பூச்சிமருந்து எல்லாம் ஒரே கட்டாக வந்ததால் அதற்குப் 'பாக்கேஜ் திட்டம்' என்றே பெயர். ஊர் ஊராகச் செயல்விளக்கத் திடல் போட்டார்கள். வரப்பில் விவசாயிகளை நிறுத்தி அலுவலர்கள் பாடம் நடத்தினார்கள். 1965-இல் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் ஆடுதுறை 27-ஐ வெளியிட்டது. சுமார் 105 நாளில் அறுவடைக்கு வரும் குறுவை நெல் அது. திருச்சி வானொலி அதைப் பற்றி விடாமல் பேசியது. கேட்டவர்கள் கடைக்கு வந்து 'ரேடியோ நெல்' என்று கேட்டு வாங்கினார்கள், பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

ரேடியோ நெல்லின் பெற்றோரில் ஒன்று ஜப்பானின் நோரின் 10. இன்னொன்று ஜி.இ.பி. 24, கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையம் 1921-இல் வெளியிட்டது. 1966-இல் பிலிப்பைன்ஸிலிருந்து ஐ.ஆர். 8 வந்தது. அது குட்டை ரகம். யூரியாவை அள்ளிப் போட்டாலும் நிமிர்ந்து நின்று கதிர் தாங்கியது. பழைய நெட்டை நெல்லுக்கு அந்த உரத்தைப் போட்டால் தாள் தழைத்துக் கதிர் பிடிக்கும் நேரத்தில் படுத்துவிடும். பசியைக் கண்டிருந்த நாடு எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதில் சந்தேகம் இல்லை. வைக்கோல் பிரி சுற்றி, சாணம் மெழுகி விதைக்கோட்டை கட்டுகிற பழக்கம் மெல்ல மறைந்தது. விதை என்பது டிப்போவில் வாங்கும் பொருளாயிற்று.

இந்தப் போக்கைக் கேள்வி கேட்டவர்களில் நம்மாழ்வார் வேளாண்மையே படித்தவர். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து, 1969-இல் அதை விட்டு வெளியே வந்தவர். 2003-இல் பூம்புகாரிலிருந்து கல்லணை வரை அவர் நடைப்பயணம் போனபோது, வழியில் சில விவசாயிகள் தாங்கள் கைவிடாமல் வைத்திருந்த பழைய நெல்லைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். காட்டுயானம் அப்படி வந்ததுதான். ஆள் உயரத்துக்கு மேல் வளரும். உள்ளே யானை நின்றாலும் தெரியாது என்பதால் இந்தப் பெயர் என்பார்கள். அந்த விதைகளைப் பெருக்கும் வேலையை ஏற்றவர் நுகர்வோர் இயக்கத்திலிருந்து வந்த ஜெயராமன். திருத்துறைப்பூண்டியை அடுத்த பகுதியைச் சேர்ந்தவர், சிறு வயதில் அச்சகத்தில் வேலை பார்த்தவர். நெல்லே பிறகு அவர் பெயருக்கு முன்னொட்டாயிற்று.

அடுத்த ஆண்டே பழைய நெல்லின் அருமை வேறு விதத்தில் புரிந்தது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் நாகப்பட்டினம் மாவட்டத்து வயல்களுக்குள் புகுந்து, போகும்போது உப்பை விட்டுச் சென்றது. தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது மண்ணைத் தேற்றும் வேலையில் நம்மாழ்வாரும் இறங்கினார். வேதாரண்யம் பக்கத்தில் உவர் நிலத்துக்கென்றே முன்னோர் வைத்திருந்த குழிவெடிச்சானையும் களர்ப்பாலையையும் விவசாயிகள் மறுபடி தேடினார்கள்.

2 கிலோ விதை எந்த மூலைக்கு என்று தோன்றலாம். வழக்கமான நடவில் ஏக்கருக்கு 30 கிலோ பிடிக்கும். ஒற்றை நாற்று முறையில் இளம் நாற்றைத் தனித்தனியாக நட்டால் 2 முதல் 3 கிலோவே ஏக்கருக்குப் போதும். அதனால் திருவிழாவில் வாங்கிய சின்னப் பை ஒரே பட்டத்தில் மூட்டைகளாகிவிடும். சிக்கல் விதையின் அளவில் இல்லை, சுத்தத்தில்தான். பக்கத்து வயல் நெல் கலந்துவிடாமல் பார்க்க வேண்டும். பூக்கும்போதும் பால் பிடிக்கும்போதும் வயலுக்குள் இறங்கிக் கலவனைப் பிடுங்க வேண்டும். அறுப்புக் களத்தைக் கூட்டித் துடைத்த பிறகே கட்டுகளை இறக்க வேண்டும். 4 கிலோவும் இன்னொருவர் வயலுக்குப் போகிற விதை.

அரிசி வாங்க நினைப்பவர்களும் திருவிழாவுக்கு வரத் தொடங்கினார்கள். மாப்பிள்ளைச் சம்பாவும் பூங்காரும் நகரத்துக் கடைகளில் அட்டைப்பெட்டியில் ஏறின. செட்டிநாட்டு விருந்தில் இனிப்பாக வந்துகொண்டிருந்த கருப்புக்கவுனி அன்றாடக் கஞ்சியாயிற்று. குட்டை ரகத்தின் அளவுக்கு மகசூல் வராத நெல்லுக்கு இந்த விலை இல்லாவிட்டால், விருப்பம் இருந்தும் பலர் பயிரிட்டிருக்க மாட்டார்கள். விதையைக் கைமாற்றச் சட்டத்திலும் இடம் இருந்தது: பயிர் ரகங்கள், விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2001-இன் படி, விளைந்ததிலிருந்து விதை எடுத்து வைக்கலாம், பரிமாறலாம், வணிகப் பெயர் ஒட்டாமல் விற்கவும் செய்யலாம்.

2018 டிசம்பர் 6 அன்று, நெல் திருவிழாவை நடத்திவந்த ஜெயராமன் புற்றுநோயால் 50 வயதில் காலமானார். மீட்ட ரகங்கள் அதற்குள் 170-ஐ நெருங்கியோ தாண்டியோ இருந்தன. அவருக்குப் பிறகும் திருவிழா நின்றுவிடவில்லை. விதைத் திருவிழா என்ற பெயரில் வேறு பல ஊர்களிலும் விவசாயிகள் கூடுகிறார்கள்.

2021 ஆகஸ்ட் 14 அன்று தமிழக அரசு வேளாண்மைக்கெனத் தனியாகத் தாக்கல் செய்த முதல் நிதிநிலை அறிக்கையில், மரபுசார் நெல் ரகங்களைப் பாதுகாக்கும் இயக்கம் ஒன்று அவர் பெயரில் அறிவிக்கப்பட்டது. அரசு விதைப்பண்ணைகளில் விளைவித்த பழைய நெல் இப்போது மானிய விலையில் டிப்போவுக்கு வருகிறது. ஒரு காலத்தில் ரேடியோ நெல்லுக்காக வரிசை நின்ற கவுண்டரில் தூயமல்லியும் கருப்புக்கவுனியும் கேட்கிறார்கள். அங்கே காசு கொடுத்து ரசீது வாங்கினால் கணக்கு முடிந்தது. திருவிழாவில் வாங்கியவருக்கோ அடுத்த மே மாதம் வரை 4 கிலோ பாக்கி இருக்கிறது.